பழைய மில் ஷெட்டை வேலையிடமாக மாற்றுவது: எங்கே தொடங்குவது?

#1 நொய்யல்கரை

கோவையில் ஓட்டம் நின்றுபோன ஒரு மில் வளாகத்தில் இரண்டு கட்டடங்களை மட்டும் வேலையிடமாக மாற்றும் திட்டம்.

முன் கட்டடம்: நூறு வயதைத் தாண்டியது. தரைத்தளமும் ஒரு மாடியும். 18 அங்குலச் செங்கல் சுவர், சுண்ணாம்புக் கலவை. மாடித் தளம் இரும்பு உத்திரங்களுக்கு இடையே செங்கல் வளைவு, அதாவது ஜாக் ஆர்ச். மொட்டைமாடி மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்கு உத்திரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட கூரை. கீழே இரண்டு வரிசை வார்ப்பிரும்புத் தூண்.

பின் கட்டடம்: 1930-களின் ஸ்பின்னிங் ஷெட். 36 × 30 மீட்டர், ஏறக்குறைய 11,600 சதுர அடி. ரம்பப் பல் போல ஐந்து கூரை வரிசை, ஒவ்வொன்றும் 6 மீட்டர் அகலம், கண்ணாடி வடக்குப் பார்த்தது. ரிவெட் அடித்த இரும்பு டிரஸ், அதாவது கூரைச் சட்டகம். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்.

நினைத்திருப்பது: ஷெட்டில் 120 பேருக்கான பகிர்வு அலுவலகம், ஓரமாகத் தச்சு, உலோகப் பட்டறைகள். முன் கட்டடத்தில் கீழே காபிக் கடை, மேலே சிறு அலுவலகங்கள். மாதம் இரண்டு சனிக்கிழமை ஷெட்டிலேயே கைவினைச் சந்தை, பேச்சு நிகழ்ச்சி.

ஒப்பந்தக்காரர் சொல்லும் வரிசை: ஷீட்டைக் கழற்றிப் பஃப் பேனல் (நடுவே நுரை வைத்த தகடு) போடுவது, சுவரைச் சாண்ட் பிளாஸ்ட் செய்து (மணலை வேகமாக அடித்துச் சுரண்டி) செங்கல் தெரிய விடுவது, தரைக்கு எபாக்ஸிப் பூச்சு, மெசனைன் (இடைத்தளம்), கடைசியில் ஏசி. ஐந்து மாதம் போதும் என்கிறார். இது சரியா?

#2 தூக்குக்குண்டு

தலைகீழ் வரிசை. எந்த இடத்தில் எந்தப் பயன்பாடு என்று காகிதத்தில் முடிவாகாமல் ஒரு ஷீட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். தளச் சுமை, வெளியேறும் வழி, கழிப்பறை எண்ணிக்கை, மின்சுமை எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன.

மாடித் தளத்தையே பாருங்கள். கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 பகுதி 2-இல், கோப்புகளுக்குத் தனி அறை உள்ள அலுவலகத்துக்குச் சதுர மீட்டருக்கு 250 கிலோ. தனி அறை இல்லை என்றால் 400. கோப்பு வைக்கும் அறைக்கே 500. இருக்கை நிலையாக இல்லாத கூட்ட அறைக்கும், இலகு இயந்திரம் வைக்கும் பட்டறைக்கும் 500. பழைய ஜாக் ஆர்ச் 250-ஐப் பெரும்பாலும் தாங்கும், 500 எல்லா இடத்திலும் தாங்காது. ஆகவே மாடியில் அலுவலகம் சரி, அங்கே "சின்னதாக ஒரு கூட்ட அறை" என்று பிற்பாடு சேர்ப்பது சரியில்லை.

கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்:

இரும்பு உத்திரத்தில் அழுத்தம் குறைந்த இடத்தில், தாங்கியை ஒட்டிய விளிம்பில், மூன்று மாதிரி வெட்டி இழுவிசையும் வேதியியலும் பார்க்கவும். கார்பன் ஈடு (எஃகு வெல்டிங்குக்கு ஏற்றதா என்று காட்டும் கலவை எண்) 0.45-க்குள் இருந்தால் லோ ஹைட்ரஜன் ராடில் வெல்டிங் செய்யலாம். பழைய எஃகில் கந்தகமும் பாஸ்பரஸும் கூடுதலாக இருந்தால் வெல்டு ஓரத்தில் வெடிப்பு விடும். அப்போது போல்ட்தான்.

வார்ப்பிரும்புத் தூணில் சுவர்த் தடிமன் சுற்றிலும் ஒன்றாக இருக்காது. வார்க்கும்போது உள் அச்சு நகர்ந்து, ஒரு பக்கம் 25 மிமீ, எதிர்ப்பக்கம் 12 மிமீ என்று இருப்பது சாதாரணம். அல்ட்ராசோனிக் கருவியால் 120 பாகைக்கு ஒன்றாக மூன்று இடம், தூணின் மேற்பக்கமும் அடிப்பக்கமும் அளக்கவும். கணக்குக்குச் சிறிய அளவைத்தான் எடுக்க வேண்டும்.

சுவருக்கு ரீபவுண்ட் ஹாமர் வேண்டாம். கான்கிரீட்டுக்காக வந்த கருவி அது. செங்கலை எடுத்து அமுக்கிப் பார்ப்பதும், ஃபிளாட் ஜாக் சோதனையும் (சுவரில் வெட்டிய பிளவில் தட்டை ஜாக்கை வைத்து அழுத்துவது) உருப்படியான எண்ணைத் தரும்.

#3 வெளியேறும்வழி

அந்த இரண்டு சனிக்கிழமைதான் உங்கள் கட்டடத்தின் வகையையே மாற்றுகிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, பகுதி 4 கணக்கு இப்படி:

அலுவலகத்துக்கு 10 சதுர மீட்டருக்கு ஓர் ஆள். 1,080 சதுர மீட்டர் ஷெட்டுக்கு 108. நீங்கள் 120 இருக்கை போடுவதால் 120-ஐ எடுக்கலாம். நாற்காலி போட்ட கூட்டத்துக்கு 0.6 சதுர மீட்டருக்கு ஓர் ஆள். ஷெட்டில் 300 சதுர மீட்டரை நிகழ்ச்சிக்கு ஒதுக்கினால் அது மட்டுமே 500 பேர். இருக்கையில்லாத கூட்டம், சாப்பாட்டுக் கூடம் என்றால் 1.5 சதுர மீட்டர். 200 சதுர மீட்டர் காபிக் கடைக்கு 133 பேர்.

சமதளத்தில் ஆளுக்கு 6.5 மிமீ, படிக்கட்டில் 10 மிமீ அகலம் வேண்டும். 500 பேருக்குச் சமதளத்தில் மொத்தம் 3.25 மீட்டர் கதவு. கூட்டரங்க வகைக்கு ஒவ்வொரு வெளிக்கதவும் குறைந்தது 2 மீட்டர். அலுவலகமாக மட்டும் இருந்தால் 1 மீட்டர் போதும். எந்த மூலையிலிருந்தும் கதவுக்கு நடக்கும் தூரம் 30 மீட்டருக்குள் வேண்டும். மேசைகளைச் சுற்றி நடக்கும் தூரம் அது, வரைபடத்தில் கோடு கிழித்த தூரம் அல்ல. உங்கள் ஷெட்டின் மூலைவிட்டமே 47 மீட்டர் வருகிறது, எனவே ஒரே பக்கத்தில் கதவு வைத்துத் தப்ப முடியாது.

#4 நொய்யல்கரை

மாதத்தில் இரண்டு நாள் மட்டும்தானே? தற்காலிக அனுமதி வாங்கிக்கொண்டு நடத்தினால் போதாதா?

#5 வெளியேறும்வழி

கதவு அகலத்துக்கு இரண்டு நாள், முப்பது நாள் என்ற வித்தியாசம் கிடையாது. மும்பை கமலா மில்ஸில் 2017 டிசம்பர் 29 நள்ளிரவுக்குப் பின் பிடித்த தீயில் 14 பேர் இறந்தார்கள். ஆலை வளாகம் உணவகமாகவும் அலுவலகமாகவும் மாறிய இடம் அது. மொட்டைமாடியில் எளிதில் பற்றும் கூரைப் பந்தல், தெளிவில்லாத வெளியேறும் பாதை, வழி தெரியாமல் கழிப்பறைக்குள் ஒதுங்கியவர்கள். அங்கே தவறிய ஒவ்வொன்றும் "இது தற்காலிகம்தானே" என்ற வகையைச் சேர்ந்தது.

உங்களுக்கு மூன்று வழி உண்டு. முதலாவது, ஷெட் முழுவதையும் கூட்டரங்கக் கணக்கில் வடிவமைப்பது. செலவு கூடும், பிறகு எதற்கும் பயப்பட வேண்டாம். இரண்டாவது, தெற்கு ஓரத்து ஒரு கூரை வரிசையை மட்டும் நிகழ்ச்சிக்கென்று செங்கல் சுவரால் பிரித்து, அதற்கு நேராக முற்றத்தில் திறக்கும் கதவுகள் வைப்பது. 6 × 36 மீட்டர், அதாவது 216 சதுர மீட்டர், 360 பேர், கதவு மொத்தம் 2.34 மீட்டர் வேண்டும். 2 மீட்டர் கதவு இரண்டு வைத்தால் முடிந்தது. மூன்றாவது, சந்தையையும் கூட்டத்தையும் முற்றத்திலேயே நடத்துவது. என் ஓட்டு இரண்டாவதுக்கு.

பட்டறைக்கும் அலுவலகத்துக்கும் இடையே கண்ணாடித் தடுப்பு வேண்டாம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டு மணி நேரத் தீயைத் தாராளமாகத் தாங்கும். பலவீனம் சுவரில் இல்லை, சுவரைத் துளைத்துப் போகும் கேபிள் தட்டிலும் ஏசி குழாயிலும் இருக்கிறது. துளையைச் சுற்றித் தீத்தடுப்பு மாஸ்டிக்கும் பிளாஸ்டிக் குழாய்க்குக் காலரும் போட்டுப் படம் எடுத்து வையுங்கள். கதவும் அதே அளவு நேரம் தாங்கும் சான்றுள்ளதாக, தானே மூடிக்கொள்வதாக இருக்க வேண்டும். அதற்கு ஆப்பு வைத்துத் திறந்து விடுவதுதான் எல்லா இடத்திலும் நடக்கிறது. காந்தப் பிடிப்பான் போட்டுத் தீ அலாரத்தோடு இணைத்துவிட்டால் ஆப்புக்கு வேலையில்லை.

#6 கலவைக்காரன்

சாண்ட் பிளாஸ்ட்டைக் கனவிலும் நினைக்காதீங்க. நாட்டுச் செங்கலுக்கு வெளித்தோல்தான் பலம். சூளையில் நன்றாக வெந்த பகுதி அது. அதை உரித்துவிட்டால் உள்ளே இருப்பது பொடி. இரண்டு மழைக்காலத்தில் செங்கல் குழிந்து, கலவை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். பெயிண்டை எடுக்க வேண்டுமானால் தண்ணீர், நார் பிரஷ், தேவைப்பட்ட இடத்தில் களிம்பு வகை பெயிண்ட் ரிமூவர். கம்பி பிரஷ் கூடாது.

வேலை வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ஓதம் எங்கிருந்து ஏறுகிறது என்று பாருங்க. நகருக்குள் இருக்கிற பழைய கட்டடத்தில் பாதிக்கு மேல் ஒரே காரணம்: ரோடு மேல் ரோடு போட்டு வெளித்தரை உயர்ந்து, உள்தரைக்கு மேலே போயிருக்கும். சுவரை ஒட்டி 60 செமீ அகலத்துக்குத் தோண்டி, உள்தரைக்கு 15–20 செமீ கீழே வெளித்தரை வரும்படி இறக்கி, வாட்டம் கொடுத்து, ஜல்லி நிரப்பிய வடிகால் விடுங்க. அடித்தளத்துக்குக் கீழே தோண்டக் கூடாது. அப்படியே ஒரு வெயில் காலம் விட்டாலே சுவர் பாதி காய்ந்துவிடும். சிலேன் (ஈரம் தடுக்கும் ரசாயனம்) ஊசி போடுவதெல்லாம் அதற்குப் பிறகும் ஈரம் ஏறினால்தான்: 12 மிமீ துளை, 10–12 செமீக்கு ஒன்று, கீழ்வரிசைக் கலவை இணைப்பில்.

இணைப்புக் கலவை உதிர்ந்த இடத்தில் உளியால் 20–25 மிமீ ஆழம் சுரண்டி, ஊதி, நனைத்துவிட்டு நிரப்பணும். ஆங்கிள் கிரைண்டர் வைத்தால் செங்கல் ஓரம் போகும். கலவை: நீற்றிய சுண்ணாம்பு 1, சுர்க்கி (செங்கல் பொடி) 1, மணல் 2. சுண்ணாம்பை நீற்றி, சல்லடையில் வடித்து, இரண்டு வாரமாவது தண்ணீருக்கடியில் ஊற விடணும். அவசரப்பட்டு அன்றன்றே போட்டால், நீறாத சிறு கட்டி உள்ளே கிடந்து பிறகு பொரிந்து பூச்சைக் குத்திக்கொண்டு வெளியே வரும். கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்ப்பது நம் வழக்கம். வேலைத்தன்மை நன்றாக இருக்கும். ஆனால் வெல்லம் கூடினால் இறுகத் தாமதமாகும், எறும்பும் வரும். மாதிரிக்கு ஒரு சதுர மீட்டர் பூசிப் பார்த்துவிட்டு அளவை முடிவு பண்ணுங்க.

பூச்சு ஒரு கை 10–12 மிமீக்கு மேல் வேண்டாம், அடுத்த கைக்கு ஒரு வாரம் விடணும். ஈரச் சாக்கு தொங்கவிட்டு இரண்டு வாரம் காயாமல் பார்த்துக்கணும்.

#7 ரசமட்டம்

சுண்ணாம்பு மேல் இவ்வளவு பக்தி தேவையா? 1:6 சிமென்ட் பூச்சு, வாட்டர் ப்ரூஃபிங் திரவம் கலந்து அடித்தால் ஒரே வாரத்தில் வேலை முடியும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுவதற்குள் வாடகைக்கு வருபவர் வேறு இடம் பார்த்துவிடுவார். கட்டடத்தில் பணம் போட்டவருக்கு வட்டி ஓடுகிறது.

#8 கலவைக்காரன்

வட்டிக் கணக்கை வைத்தே பார்க்கலாம். அடியிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். சிமென்ட் அதை அடைத்தால் ஈரம் நிற்காது, இன்னும் மேலே ஏறும். பூச்சு முடிகிற உயரத்துக்கு மேல் உப்புப் பூக்கும். உப்பு செங்கலுக்குள்ளேயே படிகமாகிச் செங்கலை உடைக்கும். பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும்போது செங்கலின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். வாடகைக்காரர் உள்ளே வந்து, பெயிண்ட் அடித்து, மர அலமாரி வைத்த பிறகு அந்தப் பூச்சை மறுபடி செய்வதுதான் பெரிய செலவு.

புதிதாக எழுப்பும் தடுப்புச் சுவருக்குச் சிமென்ட் தாராளமாகப் போடுங்க. பழைய சுவரோடு அது ஒட்டும் இடத்தில் மட்டும் இணைப்பை நெகிழ்வாக விடணும்.

#9 தாழ்வாரம்

கூரைக்கு வருகிறேன், இந்தத் திட்டத்தில் பணமும் வம்பும் அதிகம் உள்ள இடம் அதுதான்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் மேல் யாரும் காலை வைக்கக் கூடாது. வெளியே கெட்டியாகத் தெரியும், மிதித்தால் பிஸ்கட் போல உடையும். பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மேல் தாங்கும் பலகை ஏணி, கீழே வலை, உடலில் கயிறு. ஷீட்டை உடைக்காமல், அறுக்காமல், துளைக்காமல் முழுசாக இறக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, துருப்பிடித்த கொக்கி போல்ட்டின் நட்டுப் பக்கத்தை மட்டும் நறுக்கி, இரண்டு ஆளாகக் கீழே கொடுத்து, 200 மைக்ரான் பாலிதீனில் இரண்டு சுற்று சுற்றி முத்திரை ஒட்டவும். சாதாரணத் துணி மாஸ்க் பயன்படாது. பி100 அல்லது எஃப்எஃப்பி3 வகை. உடைந்த துண்டுகளை வாக்குவம் இல்லாமல் கூட்டிப் பெருக்கினால் இழைகள் காற்றில் ஏறும். குப்பை லாரிக்காரரிடம் கொடுக்காதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற அபாயக் கழிவு நிலையத்துக்கு ஆவணத்தோடு போக வேண்டும்.

பஃப் பேனலுக்கு நான் எதிர்ப்பு. பட்டறை உள்ள கட்டடத்தில் தலைக்கு மேல் நுரை வேண்டாம். 0.5 மிமீ அலு-ஸிங்க் ஷீட், அதன் கீழ் 50–75 மிமீ ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு), அடியில் துளையிட்ட தகடு. எடை சதுர மீட்டருக்கு 12 கிலோ சுற்றி வரும். பஃப் அளவுக்கு வெப்பம் தடுக்காது. 50 மிமீ பஃப் 0.44 யூ மதிப்பு (வெப்பம் கடக்கும் அளவு, குறைந்தால் நல்லது) என்றால் அதே தடிமன் ராக்வூல் 0.7-க்குப் பக்கம். அதனால்தான் 75.

அடுத்தது கட்டர். இரண்டு கூரை சேரும் பள்ளத்தில் ஓடும் தகர வாய்க்கால்தான் இந்த வகை ஷெட் எல்லாவற்றுக்கும் எமன். உங்கள் கட்டர் ஒவ்வொன்றும் 36 × 6 = 216 சதுர மீட்டர் மழையை வாங்குகிறது. மணிக்கு 150 மிமீ மழை என்று எடுத்தால், 100 மிமீ குழாய் ஒன்று 28.5 சதுர மீட்டருக்குத்தான் போதும். எட்டுக் குழாய் வேண்டும். 150 மிமீ குழாய் என்றால் ஒன்றுக்கு 83.6 சதுர மீட்டர், மூன்று போதும். கட்டரின் ஓரத்தில், குழாயின் வாயை விட உயரமாக, கட்டரின் விளிம்பை விடத் தாழ்வாக வழிந்தோடும் வாய் ஒன்று வெட்டி வெளிச்சுவருக்கு வெளியே கொட்டும்படி விடுவது அதைவிட முக்கியம். இலை அடைத்த நாளில் தண்ணீர் உள்ளே விழாமல் வெளியே விழும். பார்த்ததும் அடைப்பு தெரியும். கட்டருக்குள் ஆள் நடக்க 45 செமீ அகலமாவது வேண்டும், இல்லையென்றால் யாரும் சுத்தம் செய்ய மாட்டார்கள்.

இன்னொன்று: சில பழைய ஷெட்களில் உள்ளீடற்ற வார்ப்பிரும்புத் தூணே மழைநீர்க் குழாய். உங்களுடையதில் அப்படி இருந்தால் அதை மூடிவிட்டு வெளியே புதுக் குழாய் போடுங்கள். தூண் உள்ளுக்குள் அடியில் துருப்பிடித்திருக்கும்.

#10 நொய்யல்கரை

வடக்குக் கண்ணாடி அப்படியே இருக்கட்டுமா? வெயில் வராது என்றுதான் வடக்கே வைத்தார்கள் என்கிறார்கள்.

#11 தாழ்வாரம்

இங்கிலாந்துக்கு அது முழு உண்மை, கோவைக்குப் பாதி உண்மை. 11 பாகை அட்சரேகையில், ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 23 வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போகிறது. ஜூன் 21 அன்று செங்குத்திலிருந்து 12 பாகை வடக்கே. கண்ணாடி செங்குத்தாக இருந்தால் மேலே 300 மிமீ நீட்டிய தகடு அன்றைய நண்பகலில் 1.35 மீட்டர் உயரத்தை மறைத்துவிடும். கண்ணாடி சாய்வாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, வெளியே லூவர் (சாய்ந்த பட்டைத் தடுப்பு) வேண்டும். காலை மாலை வெயில் வடகிழக்கு, வடமேற்கு மூலையிலிருந்து எப்படியும் நுழையும்; கணினித் திரைகளை அதற்கேற்பத் திருப்பி வையுங்கள்.

பழைய கம்பிக் கண்ணாடியில் கம்பி துருப்பிடித்து ஓரத்தில் வெடித்திருக்கும். தலைக்கு மேல் போடுவது லேமினேட்டாக (நடுவே படலம் ஒட்டிய கண்ணாடி) இருக்கட்டும். டஃபன்டு மட்டும் போட்டால் உடையும்போது மொத்தமாகக் கொட்டும்.

கண்ணாடியின் மேல் மூன்றில் ஒரு பங்கைத் திறக்கும் லூவராக்குங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்மேற்கிலிருந்து வரும் மாதங்களில் வடக்கு முகம் காற்றின் மறுபக்கம். அங்கே இழுவை உண்டாகி உள்ளே தேங்கிய சூடு தானாக வெளியே போகும்.

#12 தூக்குக்குண்டு

கூரை பற்றி ஒரு எச்சரிக்கை. கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 90 கிலோ. கூரை, பர்லின், டிரஸ் எல்லாம் சேர்த்தே 35 கிலோதான் வரும். ஆக, பெருங்காற்றில் கூரை மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. பெரிய கதவு ஒரு பக்கம் திறந்திருந்தால் உள்ளழுத்தமும் சேரும். எப்போதும் இழுவிசையிலேயே இருந்த டிரஸ்ஸின் அடிச்சட்டம் அப்போது அமுக்கத்துக்கு வரும். மெல்லிய தட்டைப் பட்டையாக இருந்தால் வளைந்துவிடும். அடிச்சட்டத்துக்குப் பக்கவாட்டுக் கட்டு, டிரஸ் உட்காரும் இடத்தில் நங்கூர போல்ட், இரண்டையும் கணக்குப் போட்டே ஷீட்டைக் கழற்றுங்கள். ஒரே நாளில் எல்லா ஷீட்டையும் எடுத்துவிடவும் கூடாது. சில கூரைகளில் பர்லினும் ஷீட்டும் சேர்ந்துதான் டிரஸ்ஸைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு வரிசை எடுத்து, தற்காலிகக் குறுக்குக் கட்டுப் போட்டு, மூடிவிட்டு அடுத்தது.

ரிவெட் தளர்ந்திருந்தால் மேலே வெல்டு ஓட்டாதீர்கள். ரிவெட்டை எடுத்துவிட்டுத் துளையைச் சீராக்கி, இறுக்கமாகப் பொருந்தும் 8.8 தர போல்ட் போடுங்கள். பழைய சிவப்புப் பூச்சு ரெட் லெட், அதாவது ஈயப் பூச்சாக இருக்கலாம். உலர் கிரைண்டரோ தீச்சுடரோ கூடாது, நனைத்துச் சுரண்ட வேண்டும்.

ஜாக் ஆர்ச்சில் படிக்கட்டுக்கென்று ஒரு வளைவை மட்டும் உடைத்தால் பக்கத்து வளைவின் உதைப்பைத் தாங்க ஆள் இல்லாமல் அது நகரும், தொடர்ந்து மற்றதும். முதலில் இரு உத்திரங்களையும் டை ராடால் (இழுத்துக் கட்டும் கம்பி) கட்டி, கீழே முட்டுக் கொடுத்து, பிறகே உடைக்க வேண்டும். கடைசி வளைவில் பழைய டை ராட் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பல கட்டடங்களில் யாரோ வழியை மறிக்கிறது என்று அறுத்திருப்பார்கள்.

சந்தேகம் இருந்தால் மணல் மூட்டை வைத்துச் சுமைச் சோதனை: உயிர்ச்சுமையின் 1.25 மடங்கு, 24 மணி நேரம். எடுத்த பின் 24 மணி நேரத்தில் தொய்வில் 75 விழுக்காடு மீள வேண்டும். கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456 சொல்வது இது. இதற்கும் நடைமுறையில் பயன்படுகிறது. சோதனையின்போது கீழே 50 மிமீ இடைவெளி விட்டு முட்டு நிறுத்தி வைக்கவும்.

மெட்ராஸ் டெரஸில் மேலே மேலே போட்ட சுர்க்கித் தளத்தைத் தோண்டிப் பாருங்கள். ஒவ்வொரு 50 மிமீ அடுக்கும் சதுர மீட்டருக்கு 100 கிலோ. ஒழுகும்போதெல்லாம் ஒன்று போட்டிருப்பார்கள். தேக்கு உத்திரம் நடுவில் நன்றாகவே இருக்கும், சுவருக்குள் புதைந்த நுனிதான் உளுத்திருக்கும். துரப்பணம் விட்டு நுனியைச் சோதித்து, கெட்டதை வெட்டி எஃகுத் தகட்டால் ஒட்டு கொடுக்கலாம். நுனியைச் சுற்றி 25 மிமீ காற்று இடைவெளி விடவும், கலவையால் அடைக்க வேண்டாம்.

வார்ப்பிரும்புத் தூணில் எதையும் வெல்டு செய்யவோ துளைக்கவோ கூடாது. பிடி போடுவதானால் இரண்டு பாதியான எஃகு வளையம், நடுவே ரப்பர். தீயில் சூடான வார்ப்பிரும்பின் மேல் தண்ணீர் பட்டால் வெடிக்கும். சோதிக்கப்பட்ட தடிமனில் இன்ட்யூமசென்ட் பூச்சு (சூட்டில் உப்பி வெப்பத்தைத் தடுப்பது) கட்டாயம்.

#13 ரசமட்டம்

மெசனைனை யாரும் தொடவில்லையே. ஷெட்டின் உயரத்தை வீணடிப்பதா?

#14 தூக்குக்குண்டு

போடலாம், ஆனால் பழைய சுவரிலோ டிரஸ்ஸிலோ தொங்கக் கூடாது. தனித் தூண், தனி அடித்தளம், பழைய சுவரிலிருந்து 50 மிமீ விலகல். புதுக் குழி பழைய அடித்தளத்தின் அடி மட்டத்திலிருந்து 45 பாகைக் கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. பரப்பு, கீழுள்ள இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் அது மாடியாகவே கணக்கில் வரும். இன்னொன்று, சூடு தேங்குவது அந்த உயரத்தில்தான். மேலே உட்காருபவர்கள் முதல் வாரமே புகார் சொல்வார்கள்.

#15 மின்பெட்டி

தரைக்கு எபாக்ஸி போடும் முன் ஒரு சின்னச் சோதனை: 45 × 45 செமீ பாலிதீனை நான்கு ஓரமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தால் எபாக்ஸி கொப்புளம் விடும். மில் தரையில் எந்திர எண்ணெய் ஊறியிருக்கும். அந்த இடத்தில் எதுவும் ஒட்டாது. பழைய ஆங்கர் போல்ட்டைத் தரைக்கு 20 மிமீ கீழே வெட்டி நிரப்பிவிட்டு, சுண்ணாம்புப் படுகை மேல் கடப்பா கல் போடுவது இந்த இடத்துக்குப் பொருத்தம். பட்டறைப் பக்கம் மட்டும் டென்சிஃபையர் (மேற்பரப்பை இறுக்கும் திரவம்) போட்ட கான்கிரீட்.

தோண்டும் முன் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டின் (காற்றை ஈரமாக்கும் அமைப்பு) பழைய வரைபடம் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஸ்பின்னிங் ஷெட்டில் தரைக்கடியில் காற்று திரும்பும் கால்வாய் ஓடியிருக்கும். பஞ்சுத் தூசியைச் சுத்தமாக எடுத்தால் அதுவே கேபிளுக்கும் ஏசியின் திரும்பு காற்றுக்கும் பாதை. தரையை உடைக்கும் வேலை பாதி மிச்சம். ஒரே கால்வாயில் இரண்டையும் விட்டால் நடுவே தகட்டுத் தடுப்பு வேண்டும்.

குளிரூட்டல்: மொத்தக் கன அளவு 6,000 கன மீட்டருக்குப் பக்கம். முழுவதையும் குளிர வைப்பது வீண். மேசைகள் உள்ள பகுதிக்கு மட்டும் தரைக்கு 3 மீட்டருக்குள் காற்றைக் கொடுங்கள். அதிலும் 200 சதுர அடிக்கு ஒரு டன் என்று 8,000 சதுர அடிக்கு 40 டன் வரும். பெரிய மின்விசிறியைப் பர்லினில் தொங்கவிடாதீர்கள். எடையோடு சுழல் விசையும் உண்டு, டிரஸ்களைத் தாங்கும் கட்டர் உத்திரம்தான் அதற்கு இடம். வாடகைக்காரருக்குத் தனித்தனித் துணைமீட்டர் இப்போதே வையுங்கள். பட்டறையின் வெல்டிங் எந்திரமும் அலுவலகத்தின் கணினிகளும் ஒரே ஃபீடரில் இருந்தால் தினமும் சண்டை.

எதிரொலியைப் பலர் கடைசியில்தான் கண்டுபிடிப்பார்கள். இந்தக் கூடத்தில் ஒன்றும் செய்யாமல் விட்டால் ஒலி அடங்க நான்கைந்து விநாடிக்குக் குறையாது. தொலைபேசியில் பேச முடியாது. ஒரு விநாடிக்குக் கொண்டுவர 950 சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சும் பரப்பு வேண்டும். தாழ்வாரம் சொன்ன துளைத் தகடும் ராக்வூலும் கூரை முழுக்கப் போட்டால் அதுவே 860 தரும். பஃப் பேனலின் அடித்தகடு ஒலியைத் திருப்பி அனுப்பும். அவர் பக்கம் இன்னொரு ஓட்டு.

#16 மனுதாரர்

அனுமதி பற்றிச் சுருக்கமாக. மாஸ்டர் பிளானில் இடம் தொழிற்சாலைப் பகுதி என்றிருந்தால் நிலப் பயன்பாட்டு மாற்றம் முதலில். மூலப் பத்திரத்தில் தொழிலாளர் பாக்கி, வங்கி அடமானம் ஏதும் தொங்குகிறதா என்று அதற்கும் முன்னால். பிறகு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 படி திட்ட அனுமதி, தீயணைப்புத் துறைத் தடையின்மை, கட்டமைப்பு உறுதிச் சான்று. காபிக் கடைக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் தனி. சாய்தளம் 1:12, மழைநீர் சேகரிப்புக்கு மில்லின் பழைய கிணறு உங்களிடம் இருக்கும், கூரை நீரை மணல் வடிகட்டி வழியாக அதில் விடுங்கள். கழிப்பறை, அலுவலகத்துக்கு ஆண்கள் 25 பேருக்கு ஒன்று, பெண்கள் 15 பேருக்கு ஒன்று.

#17 ரசமட்டம்

இத்தனைக்கும் பதில் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமே. தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது மனைப் பரப்பைப் போல் இரண்டு மடங்கு கட்ட அனுமதி, கிடைக்கிறதே.

#18 மனுதாரர்

குறியீடு மொத்த மனைக்கும் சேர்த்துத்தான். ஷெட்டை வைத்துக்கொண்டு, மிச்சப் பரப்பைப் பின் முற்றத்தில் புதுக் கட்டடமாகக் கட்டலாம், இரண்டும் கிடைக்கும். மனை சிறியதாக, முற்றம் இல்லாததாக இருந்தால் உங்கள் கேள்விக்கு வலு உண்டு. மும்பையில் 1991-இன் ஆலை நில விதி 2001-இல் மாறி, இடித்துக் கிடைக்கும் நிலத்தை அரசு அமைப்புகளோடு பங்கிட வேண்டியதில்லை, ஏற்கெனவே காலியாக இருந்ததை மட்டும் பங்கிட்டால் போதும் என்றானது. அந்தக் கணக்கில் இடிப்பதுதான் லாபம். இங்கே உங்களை இடிக்கத் தூண்டும் அப்படியொரு விதி இல்லை.

#19 நொய்யல்கரை

திருத்திய வரிசை: பயன்பாட்டு வரைபடமும் பத்திரச் சரிபார்ப்பும், இரும்பு, தூண், செங்கல் சோதனை, வெளித்தரையை இறக்கி வடிகால், அனுமதி கைக்கு வந்ததும் கூரையும் கட்டரும் வரிசை வரிசையாக, அது நடக்கும்போதே முன் கட்டடச் சுண்ணாம்பு வேலை, தெற்கு வரிசைப் பிரிப்புச் சுவர், கால்வாய், மின்சாரம், கடைசியில் தரை. மெசனைன் இல்லை. ஐந்து மாதம் ஒரு வருடமாகிறது. டிரஸ் பலப்படுத்தும் வேலையை மட்டும் மழைக்கு முன், வரைபட வேலையோடு சேர்த்து இப்போதே தொடங்கலாமா?

#20 வெளியேறும்வழி

டிரஸ் மேலும் சுவர் உச்சியிலும் பல பத்தாண்டுப் பஞ்சுத் தூசி படிந்திருக்கும். வெல்டிங், கட்டிங் பொறி ஒன்று போதும். முதலில் மேலிருந்து கீழாக வாக்குவம். காற்று ஊதக் கூடாது, தூசி மேகமானால் அதுவே பற்றும். ஆஸ்பெஸ்டாஸ் இழையும் அந்தத் தூசியில் கலந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு ஹெபா வடிகட்டி (நுண்துகளைப் பிடிப்பது) உள்ள வாக்குவம் எடுங்கள். தீப்பொறி வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி 10 மீட்டர் சுத்தம், தரைக்கால்வாய் வாய்களுக்கு ஈரத் தார்ப்பாய், வேலை முடிந்தும் ஒரு மணி நேரம் தண்ணீர்க் குழாயோடு ஒரு ஆள் காவல். மாலை ஐந்துக்கு வெல்டிங் முடித்து ஐந்தேகாலுக்குப் பூட்டிக்கொண்டு போகும் வழக்கத்தை ஒப்பந்தத்திலேயே தடுத்து எழுதுங்கள்.

#21 தாழ்வாரம்

தொடங்கலாம். டிரஸ் வேலையின்போதே கண்ணாடிச் சட்டங்களை ஒவ்வொன்றாக அளந்து எண் போடச் சொல்லுங்கள். ஒரே அளவு என்று ஒன்றை மட்டும் அளந்து லேமினேட் ஆர்டர் கொடுத்தால், 10–15 மிமீ வித்தியாசத்தில் பாதி பொருந்தாது. லேமினேட்டை இடத்தில் வைத்துச் சீராக வெட்டவும் முடியாது.